பட்டணத்தில் யாரும் இல்லை

விடுதியிலிருந்து வந்த கடிதத்தை ஜெகதாம்பாள் மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அது ஒன்றையேதான் சொன்னது: இடம் இல்லை. காரணத்தையும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். சென்னையில் உறவினர் வீடு உள்ள மாணவிகளுக்கு அறை கிடையாது. தங்கள் விண்ணப்பத்தில் காப்பாளராகக் கண்டிருக்கும் தாய்மாமன் நடராசன் சிந்தாதிரிப்பேட்டையில் குடியிருக்கிறார். ஆகவே அங்கேயே தங்கிப் படிக்கலாம்.

அவளுக்குத் தன் வலது கையை வெட்டிப் போட வேண்டும் போல் ஆத்திரம் வந்தது. அந்தப் பெயரை எழுதியது அந்தக் கைதான்.

முதல் பாரம் படித்த காலத்திலிருந்து பழகிப்போன பெயர். அப்பா அமிர்தலிங்கம் காலராவில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது. அம்மா பச்சையம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் காப்பாளர் யார் என்று கேட்ட இடத்திலெல்லாம் மாமன் பெயரைத்தான் போட்டார்கள். திருச்சியில் பி.ஏ. படிக்கப் போனபோதும் அதே பெயர்தான். இப்போது எம்.ஏ. கணக்குப் படிக்கப் பட்டணத்தில் இடம் கிடைத்து, விடுதி விண்ணப்பம் வந்ததும், யோசனையே இல்லாமல் அதே பெயரை எழுதி, கூடவே சிந்தாதிரிப்பேட்டை விலாசத்தையும் அழகாக எழுதி அனுப்பிவிட்டாள். பி.ஏ.யில் மாகாணத்திலேயே மூன்றாவதாக வந்தவள். புத்தி எங்கே போயிற்று என்று தன்னையே கேட்டுக்கொண்டாள்.

மாமன் வீட்டில் தங்கினால் என்ன குறைந்துவிடும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். ஜெயங்கொண்டத்துக்குக் கிழக்கே, முந்திரிக் கொல்லைகளுக்கு நடுவே இருந்த அந்த ஊரில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். அங்கே தாய்மாமனுக்கு அக்காள் மகள் மீது உரிமை உண்டு. நடராசன், பச்சையம்மாள் வளர்த்த தம்பி. தாய் தகப்பன் இல்லாமல் போனதால், கல்யாணமாகி வரும்போதே ஐந்து வயதுப் பையனையும் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள். ஜெகதாம்பாள் பிறந்த அன்று, பதினோரு வயதுத் தம்பியின் மடியில் குழந்தையைக் கிடத்தி, இது உனக்குத்தான்டா என்று சொல்லிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஊர் இருபத்தோரு வருஷமாக மறக்கவில்லை. தண்ணீர் எடுக்கப் போனால் நடராசன் பொண்டாட்டி வருகிறாள் என்பார்கள். திருச்சியிலிருந்து லீவுக்கு வந்து இறங்கினால் மாப்பிள்ளை எழுதினாரா என்று கேட்பார்கள். அவள் பதில் சொல்லாமல் போவாள். வெட்கப்படுகிறாள் என்று அதற்கும் ஓர் அர்த்தம் கற்பித்துக்கொள்வார்கள்.

அவன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முப்பத்திரண்டு வயதாகிவிட்டது, பட்டணத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா வேலை. அவளுக்காகத்தான் காத்திருக்கிறானாம். காத்திருக்கச் சொன்னது யார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டுக்குள் பெட்டியோடு போய் இறங்கினால் பந்தல் போடாமலே கல்யாணம் முடிந்த மாதிரி. அப்புறம் ஒரு நாள் தாலி கட்டுவது வெறும் சடங்குதான்.

மே மாதம் இடத்துக்காக நேர்காணலுக்குப் போனபோதே அவள் தங்குமிடம் பார்த்துவிட்டு வந்திருந்தாள். கூடப் படித்தவளின் அத்தை வீடு புரசைவாக்கத்தில் இருந்தது. அந்த அம்மாள் முதலில் அவள் என்ன ஜாதி என்று விசாரித்தாள். பிறகு கொல்லைப்புறத்து அறையைக் காட்டி, சாப்பாட்டைத் தட்டில் போட்டு அங்கேயே அனுப்புவதாகவும், சமையல் கட்டுப் பக்கம் வரத் தேவையில்லை என்றும் சிரித்த முகமாகச் சொன்னாள். ஜெகதாம்பாள் தண்ணீர் குடித்த டம்ளரை வேலைக்காரி தனியாகத் தண்ணீர் ஊற்றிக் கவிழ்த்ததையும் அவள் பார்த்தாள். பிறகு வந்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அப்புறம் விடுதிக்குப் போனாள். மாடியில் ஓர் அறை. இரும்புக் கட்டில், ஒரு மேஜை, மேஜைக்கு இழுப்பறை, இழுப்பறைக்குச் சாவி. தன் சாமானைப் பூட்டி வைக்க ஒரு சாவி என்பது அவள் வாழ்க்கையில் அதுவரை கிடையாது. அங்கேதான் இருப்பது என்று அந்த நிமிஷமே தீர்மானித்துவிட்டாள்.

அதைத்தான் இப்போது இல்லை என்கிறார்கள். ஆனால் கடிதத்தின் கடைசியில் ஒரு வழியும் சொல்லியிருந்தார்கள். தாயார் உயிரோடு இருப்பதாகத் தெரிகிறது. பட்டணத்தில் மகளை வைத்துக்கொள்ளத் தக்க உறவு யாரும் இல்லை என்று அவரே எழுதிக்கொடுத்து, கிராம முன்சீப் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, ஜூன் இருபத்தெட்டாம் தேதிக்குள் வந்து சேர்ந்தால் மறுபடி பரிசீலிக்கலாம். அதற்கு ஆறு நாள்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் பச்சையம்மாள் கடலைக் கொல்லையிலிருந்து வந்து கை கால் கழுவும்போதே ஜெகதாம்பாள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். கைநாட்டு வேண்டும் என்றாள். பச்சையம்மாளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் கறுத்துப்போயிற்று. தான் தூக்கி வளர்த்த பிள்ளையை இல்லை என்று எழுதிக் கொடுக்கச் சொல்கிறாயா, நீ படித்த படிப்பு இதைத்தான் சொல்லிக் கொடுத்ததா என்று கேட்டாள். பேச்சு வளர்ந்தது. அடுப்பில் வைத்த சோறு குழைந்து அடிபிடித்த வாடை வந்தும் இருவரும் அசையவில்லை.

"ஊருக்கு முன்னால வாக்குக் குடுத்தவடி நான்" என்றாள் பச்சையம்மாள்.

"குடுத்தது நீ. நான் யாருக்கும் குடுக்கல. என்னை மடியில போட்டப்ப நான் பொறந்து ஒரு நாளுகூட ஆவலம்மா."

பச்சையம்மாளுக்குக் கோபம் வந்தது. தம்பி படிப்பை நிறுத்தச் சொன்னானா, அவன் வீட்டிலிருந்தே படி என்றுதானே சொல்கிறான், ரெண்டு வருஷம் படித்து முடித்துவிட்டுத்தான் தாலி என்று தன்னிடம் சத்தியம் செய்திருக்கிறான் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்று நாள் இருவரும் பேசவில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அவள் கொல்லைக்குப் போவாள், சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இவள் உட்கார்ந்திருப்பாள். அம்மாமீது இருந்த ஆத்திரத்தில் ஜெகதாம்பாளுக்கு ஒரு கணக்குக்கூடப் போட ஓடவில்லை. தேதி மட்டும் ஓடியது.

நாலாம் நாள் நடராசனே வந்து சேர்ந்தான். அரியலூரில் ரயிலை விட்டு இறங்கி, பெட்ரோல் பஞ்சத்தால் கரியடுப்பு கட்டிய பஸ்ஸில் மூக்கெல்லாம் புகையோடு வந்தான். அக்காளுக்கு ஒரு புடவை, ஜெகதாம்பாளுக்கு ஒரு புடவை. இரண்டாவது புடவை சிவப்பு. ஜெகதாம்பாள் அதைத் தொடவில்லை, நெல்லுப் பானைமீது அது அப்படியே கிடந்தது.

இந்த நடராசனைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் சுலபம். அவன் குடிக்க மாட்டான், சீட்டாட மாட்டான், அக்காள் கிழித்த கோட்டைத் தாண்டியதில்லை. ஆனால் ஒருத்தியிடம் கேட்காமலே அவளுக்கு எல்லாம் செய்து வைக்கிற நல்லவன் இருக்கிறானே, அவனைப்போல் எரிச்சல் மூட்டுகிறவன் உலகத்தில் கிடையாது. இரண்டு கட்டு வீடாகப் பார்த்து மாறியிருக்கிறானாம். உள்ளேயே குழாய் இருக்கிறதாம். குமுட்டி அடுப்பும் அம்மியும் வாங்கிப் போட்டாயிற்றாம். மேஜை வாங்கினாயா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விழித்திருப்பான்.

மத்தியானம் அக்காளும் தம்பியும் அடுக்களையில் இருந்தார்கள். அவள் சோறு போட, அவன் சாப்பிட்டான். ஜெகதாம்பாள் கூடத்தில் தூணோரம் உட்கார்ந்திருந்தாள், ஒவ்வொரு சொல்லும் கேட்டது. விடுதிக் கடிதத்தைப்பற்றிப் பச்சையம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். நடராசன் சிரித்தான். விடுதியிலிருந்து தனக்கும் எழுதிக் கேட்டார்கள் என்றும், பெண் என் வீட்டில்தான் இருக்கப் போகிறாள், அறை வேண்டாம் என்று தானே பதில் போட்டுவிட்டதாகவும் சொன்னான். ஜெகதாம்பாள் எழுந்து நின்றுவிட்டாள். இத்தனை நாள் தன் கையை அல்லவா திட்டிக்கொண்டிருந்தாள்.

பச்சையம்மாள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு, எழுதியது இருக்கட்டும், ரெண்டு வருஷப் படிப்புக்கு ஒரு குறையும் வராதே என்று கேட்டாள்.

"என்னக்கா நீ, வெவரம் இல்லாம. ரெண்டு மாசம் காலேஜுக்குப் போயிட்டு வரட்டும். அப்புறம் வூட்டு வேலையே சரியா இருக்கும், தானா நின்னுடும். நான் வேண்டாம்னு சொல்லிக் கெட்ட பேரு வாங்கணுமா?"

"அப்ப என்கிட்ட சத்தியம் பண்ணினியே தம்பி."

"உன் மனசு நோவக்கூடாதுன்னு சொன்னதுதான் அக்கா அது" என்றான் அவன், வெகு பிரியமாக.

பச்சையம்மாள் மோர் ஊற்றட்டுமா என்று கேட்டாள். ஊற்றினாள். பன்னிரண்டு வருஷம் பிறர் கொல்லையிலும் தன் கொல்லையிலும் களை வெட்டி, ஊரார் கைகொட்டிச் சிரிக்கச் சிரிக்க மகளைத் திருச்சிக்கு அனுப்பியவள் அவள். அந்தப் படிப்பு இவனுக்கு அக்காளைச் சமாதானப்படுத்த வாயில் போட்ட ஒரு வெல்லக்கட்டி. அன்று முழுவதும் அவள் தம்பியிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மறுநாள் காலையில் முதல் பஸ்ஸுக்கு அவன் கிளம்பும்போது கட்டுச்சோறும் கட்டிக் கொடுத்தாள். அடுத்த வாரம் வந்து அழைத்துப் போவதாகச் சொல்லிவிட்டு அவன் போனான்.

இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஜெகதாம்பாளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவ்வளவையும் காதால் கேட்டுவிட்டு இந்த அம்மா சோறு கட்டிக் கொடுக்கிறாளே, இவளும் ஒரு மனுஷியா என்று நினைத்தாள். பெட்டியை எடுத்து, கால் போன போக்கில் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். பஸ் புறப்பட்ட சத்தம் கேட்டதும் பச்சையம்மாள் வெளியே இறங்கிப் போனாள். கொல்லைக்குத்தான் போகிறாள் என்று மகள் நினைத்தாள்.

அரை மணிக்கெல்லாம் திரும்பி வந்தாள். தலைமுடி அவிழ்ந்து முதுகில் ஒட்டிக் கிடந்தது. கட்டிய புடவையோடு ஏரியில் முழுகியிருந்தாள், நின்ற இடமெல்லாம் தண்ணீர் சொட்டியது. வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே, அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வா என்று மட்டும் சொன்னாள்.

மணியக்காரர் அய்யம்பெருமாள்தான் அந்த ஊருக்குக் கிராம முன்சீப். கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தைப் படித்தார். பட்டணத்தில் என் மகளை வைத்துக்கொள்ளத் தக்க உறவு எனக்கு யாரும் இல்லை என்று ஜெகதாம்பாள் திருத்தமாக எழுதி வைத்திருந்தாள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இப்பத்தான் உன் தம்பி இந்த வழியாப் பஸ்ஸுக்குப் போனான். எனக்கு வணக்கம் வேற சொல்லிட்டுப் போறான். நான் பொய்ச் சாட்சி போட முடியுமா?"

"எனக்குத் தம்பி இல்லீங்க. தல முழுவிட்டு வந்துட்டேன். துணி இன்னும் காயல, பாருங்க."

மணியக்காரர் அந்த ஈரப் புடவையை அப்போதுதான் கவனித்தார். செத்தவனுக்காக ஒருத்தி முழுகி வந்தால் எப்படி நிற்பாளோ அப்படி நின்றாள். உயிரோடு இருக்கிறவனுக்கு இப்படிச் செய்யலாமா, கூடப் பிறந்த பாசம் இல்லையா என்று ஏதேதோ சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. கடைசியில் ஒரு பெண்ணை எங்கே அடித்தால் வலிக்குமோ அங்கேயே அடித்தார்.

"யோசிச்சுக்க பச்சையம்மா. நாளைக்கு நீ கண்ண மூடினா, பொறந்த வூட்டுக் கோடித் துணி போட ஒனக்கு வேற யாரு இருக்கா?"

"கோடி இல்லாமப் போறேன். மையக் குடுங்க."

அவர் மைப்பெட்டியை நகர்த்தினார். ஈர விரலில் மை பிடிக்கவில்லை. முதல் கைநாட்டு வெறும் கறையாக விழுந்தது. மணியக்காரர் தன் துண்டைக் கொடுத்தார். அவள் கட்டைவிரலை நன்றாகத் துடைத்து, மறுபடி மையில் வைத்து, பக்கத்தில் அழுத்தினாள். அவர் கீழே கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார்.

வெளியே வந்ததும் ஜெகதாம்பாள் அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள்.

"தள்ளி நில்லு. எனக்குத் தீட்டு" என்றாள் பச்சையம்மாள். "உனக்காவன்னு நெனச்சுக்காத. அவன் என்னை ஏமாத்தினான்."

சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள். நாலு வீடு தாண்டினாள். பிறகு மார்பில் ஒரு அடி விழுந்தது, குரல் எழுந்தது. அஞ்சு வயதில் கையைப் பிடித்துக்கொண்டு கூட வந்தாயே, என் தட்டில் சோறு தின்றாயே, என்னை விட்டுப் போனாயே என்று தெருவெல்லாம் கேட்க ஒப்பாரி வைத்துக்கொண்டே போனாள். வீடுகளிலிருந்து பெண்கள் ஓடி வந்தார்கள். ஈரப் புடவையையும் அவிழ்ந்த தலையையும் பார்த்துவிட்டு, பின்னால் வந்தவளிடம் யார் போய்விட்டது என்று கேட்டார்கள்.

"எங்க மாமா" என்றாள் ஜெகதாம்பாள். பன்னிரண்டு மணிக்குத் தபால் கட்டிவிடுவார்கள், அதில் போனால்தான் கெடுவுக்குள் சேரும். காகிதத்தை மடித்துக்கொண்டு அவள் தபாலாபீஸ் பக்கம் திரும்பி வேகமாக நடந்தாள்.