யூலிற்றா பிளக்க மறுத்த மருதங்குற்றி

நெளுக்குளத்தில் விறகு பிளந்து விற்கும் காலைக்கு யூலிற்றா வேலை கேட்டு வந்தபோது, அந்த வளவிலிருந்த மிசின் மூன்று வாரமாக ஓடாமல் நின்றது. வளவுக்காரர் நவ்பர், யப்பானிலிருந்து இறக்கிய பழைய மினி எக்ஸ்கவேட்டர் ஒன்றை வாங்கி, அதன் கையில் இருந்த மண் அள்ளும் வாளியைக் கழற்றிவிட்டு விறகு பிளக்கும் திருகு ஒன்றைப் பூட்டியிருந்தார். அடி பருத்து, நுனி கூர்ந்து, உடம்பு முழுக்க மரை வெட்டிய இரும்புக் கூம்பு அது. கரட் கிழங்கின் வடிவத்தில் இருந்ததால் வளவில் வேலை செய்தவர்கள் அதற்குக் 'கரட்' என்றே பேர் வைத்திருந்தார்கள். கரட் சுழன்றுகொண்டே மரக்குற்றிக்குள் இறங்கும். இறங்க இறங்கப் பருமன் கூடும். ஒரு கட்டத்தில் மரம் தாங்காமல் நெடுக வெடித்து இரண்டாகும். இரண்டு பேர் கோடாலியும் ஆப்புமாக அரை நாள் மல்லுக்கட்டும் குற்றியை அது பத்து நிமிடத்தில் முடித்துவிடும்.

அதை ஓட்டிய சஜீவன் கட்டாருக்குப் போய்விட்டான். அவனுக்குப் பிறகு ஏறிய ஒருவர், குற்றியை எதிலும் அணைக்காமல் கரட்டை இறக்க, கரட்டோடு சேர்ந்து குற்றியும் சுழன்று வேலித் தூண் இரண்டை முறித்தது. அதற்குப் பிறகு ஒருவரும் ஏறவில்லை.

"ஆருக்கு வேலை? உங்கட அவருக்கா?" என்று கேட்டார் நவ்பர்.

"எனக்குத்தான், நானா." முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"முன்னுக்கு எங்க ஓடினீங்க?"

"கண்ணிவெடி எடுக்கிற இடத்தில. பதின்மூண்டு தொன் மிசின். முன் கண்ணாடி மட்டும் நாலு விரல் தடிப்பு."

நவ்பர் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் மிசினின் திறப்பைக் கொடுத்தார். அவள் உடனே ஏறவில்லை. கிடந்த வேப்பங்குற்றியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். கணு எந்தப் பக்கம், வெடிப்பு எந்தப் பக்கம் என்று குனிந்து பார்த்தாள். பிறகு ஏறி, மிசினின் முன்தட்டால் குற்றியைத் தள்ளி மற்ற இரண்டு பெரிய குற்றிகளோடு அணைத்தாள். முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி, பட்டைப் பக்கமாகக் கரட்டை வைத்து, மிதிகட்டையை மெல்ல மிதித்தாள். வேம்பு முனகியது. பிறகு ஓலை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். குற்றி இரண்டாகப் படுத்தது.

"நாளைக்கே வாங்க," என்றார் நவ்பர்.

யூலிற்றாவுக்கு அப்போது நாற்பது வயது. முல்லைத்தீவுக் கரையில், கடல் தொழில் செய்த மத்தேயுவின் மூன்றாவது பிள்ளை. கடல் ஒரு தடவையும் சண்டை பல தடவையும் குடியெழுப்பிய குடும்பம். சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்தபோது அவளிடம் இருந்தது பள்ளியில் எடுத்த ஓ எல் சான்றிதழ் ஒன்றுதான். கண்ணிவெடி அகற்ற ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். ஒன்பது வருடம் முழங்காலில் நின்று, சிறு வாரியால் மண்ணை ஒரு சாண் ஒரு சாணாக இழுத்தாள். கடைசி நாலு வருடம் கவச மிசினில் ஏறி மண்ணை அள்ளி அரித்தாள். வெடி எடுத்துத் துப்புரவான நிலங்களை மக்களிடம் கொடுத்துக்கொண்டு வர வர, வேலையும் குறைந்துகொண்டு வந்தது. ஒருநாள் அவளுக்கும் ஒரு நன்றிக் கடிதம் தந்து அனுப்பினார்கள். பூவரசங்குளத்தில், கணவன் துசியந்தன் தன் கையால் கட்டிய வீட்டில் ஆறு மாதம் சும்மா இருந்தாள். துசியந்தன் மேசன். அவளுக்குச் சும்மா இருக்க வரவில்லை என்பது அவனுக்கு அவளுக்கு முன்னமே தெரிந்தது.

விறகு வேலை அவளுக்குப் பிடித்துப்போனது. காரணம் கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. மரத்துக்கு மரம் குணம் வேறு. வேம்பு சொன்னபடி கேட்கும். புளியின் நார்கள் பின்னிக் கிடக்கும். ஒரு பக்கம் பிளந்தால் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டால் கரட் இறுகிவிடும். பின்பக்கமாகச் சுழற்றி எடுத்து, வேறு இடத்தில் வைக்க வேண்டும். அவளுக்கு அவசரம் பழக்கமில்லை.

வன்னி மரங்களில் இன்னொன்றும் இருந்தது. வெடித்த பீரங்கிச் செல்களின் இரும்புத் துண்டுகள். சண்டை நடந்த பக்கத்து மரங்களை மரம் அரியும் ஆலைகள் எடுக்காது; வாள் பல்லுப் போய்விடும். அப்படித் தள்ளிவிட்ட குற்றிகள்தான் விறகாக நவ்பரின் வளவுக்கு வந்தன. கரட் கிறீச்சிட்டால் அவள் நிறுத்துவாள். பிளந்த பக்கத்தில் விரல் அளவு, பட்டாணி அளவு இரும்பு இருக்கும். குறட்டால் இழுத்து ஒரு பால்மாத் தகரப்பேணியில் போடுவாள். வெகுவிரைவில் அவளுக்கு அது வெளியிலேயே தெரியத் தொடங்கியது. பட்டையில் உதடு மாதிரி ஒரு தழும்பு. அறுத்த முகத்தில் மை ஊறின மாதிரிக் கருநீலக் கறை. இரும்பு இருந்தால் மரம் அப்படிக் கறுக்கும்.

போன வருடக் கடைசியில் புயல் வந்தது. குளங்கள் உடைத்தன, பாதைகள் அறுந்தன, நூறு வருடத்து மரங்கள் வேரோடு சரிந்தன. தண்ணீர் வடிந்த பிறகு ஏலத்தில் விட்ட மரங்களில், முள்ளியவளைப் பக்கத்துக் குளக்கட்டு ஒன்றில் விழுந்த பெரிய மருதமரத்தை நவ்பர் எடுத்தார். மூன்று லொறி வந்தது. வாள்காரர்கள் அதைப் பதினெட்டுக் குற்றியாக அறுத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன்.

எல்லா இடமும் ஈரமாகிக் கிடந்த காலம். விறகுக்கு ஊர் முழுக்கத் தட்டுப்பாடு. நவ்பரிடம் விறகெடுக்கும் பேக்கரிக்காரர் ஒருநாளைக்கு நாலு தடவை அழைத்தார்.

யூலிற்றா ஐந்து நாளில் பதினாலு குற்றியைப் பிளந்தாள். பதினைந்தாவது, மரம் இரண்டாகப் பிரியும் கவட்டுப் பக்கத்திலிருந்து வந்தது. அவள் அதைச் சுற்றி வந்தாள். மறுபடி சுற்றி வந்தாள். கவட்டின் நடுவில் ஒரு பழைய பொந்து. பட்டை வளர்ந்து அதை ஏறக்குறைய மூடிவிட்டிருந்தது. இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் ஒரு வெடிப்பு. அறுத்த முகத்தில் கறை, விரல் அளவில் அல்ல, ஒரு சாண் வட்டத்துக்கு. கைபேசியின் வெளிச்சத்தை வெடிப்புக்குள் அடித்துப் பார்த்தாள். உள்ளே துருப்பிடித்த ஒரு வளைந்த விளிம்பு. அதற்கு மேல் தெரியவில்லை.

எழும்பி வந்து மிசினை அணைத்தாள். திறப்பை எடுத்துக்கொண்டு நவ்பரிடம் போனாள்.

"நானா, அந்தக் குற்றியை நான் பிளக்க மாட்டன். ஒருத்தரும் கிட்டப் போகவும் வேண்டாம். பொலிசுக்குச் சொல்லுவம்."

நவ்பர் எழுந்து வந்து தூரத்தில் நின்று பார்த்தார்.

"செல் துண்டுதானே? இதுக்கு முன்ன எத்தனை எடுத்திருக்கீங்க."

"இது துண்டு மாதிரித் தெரியேல்ல. மேல இருந்து பொந்துக்குள்ள விழுந்து வெடிக்காமல் கிடக்கிற சாமானா இருக்கலாம். வாளியாயும் இருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததாலதான் சொல்லுறன்."

"பொலிஸ் வந்தா வளவைப் பூட்டுவாங்க. எத்தனை நாளோ. பேக்கரியில போறணை அடுப்பு அணைஞ்சிரும், தங்கச்சி." அவர் குரல் உயர்ந்தது. "அந்த மரத்தை எனக்குத் தெரியும். அதுல ஏறித்தான் நாங்க குளத்துல குதிச்சது. அந்தப் பொந்துல கிளிதான் இருந்துச்சு."

"உங்களுக்குத் தெரிஞ்சது தொண்ணூறுக்கு முந்தின மரம், நானா. அதுக்குப் பிறகு நீங்கள் இஞ்ச இருக்கேல்ல."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு விளங்கியது. நவ்பரின் முகம் சிறுத்துப் போனது.

"நாங்க போகல்ல தங்கச்சி," என்றார் மெதுவாக. "எங்கள அனுப்பினாங்க."

தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர் ஒன்பது வயதில் உடுத்த உடுப்போடு புத்தளத்துக்குப் போனவர். இருபது வருடம் கழித்துத்தான் திரும்பி வந்தார். அது அவளுக்கும் தெரியும். அவள் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.  அன்று அதற்கு மேல் மிசின் ஓடவில்லை.

அடுத்த நாள் காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டியில் வந்து இறங்கியபோது, வளவுக்குள் மிசின் ஓடும் சத்தம் கேட்டது. திறப்பு அவளுடைய கைப்பையில் இருந்தது. நவ்பரிடம் இன்னொன்று இருந்ததை அவள் நினைத்துப் பார்க்கவில்லை. படலையைத் திறந்தபோது நவ்பர் ஆசனத்தில் இருந்தார். கை உயர்ந்திருந்தது. கரட் சுழன்றுகொண்டிருந்தது. கவட்டுக் குற்றி, மற்றக் குற்றிகளோடு அணைத்தபடி அதற்குக் கீழே கிடந்தது.

கத்திப் பயனில்லை, இயந்திரச் சத்தத்தில் கேட்காது. ஓடவும் இல்லை. அந்த வேலையில் ஓடக்கூடாது என்பது பதின்மூன்று வருடத்தில் உடம்பில் ஊறியிருந்தது. நடந்து போய், அவர் கண்ணுக்கு நேரே வந்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்துக்கொண்டு நின்றாள். குற்றிக்கும் அவளுக்கும் இடையில் நாலு ஆள் நீளம்கூட இருக்காது.  

நவ்பர் அவளைப் பார்த்தார். கரட் இன்னும் சுழன்றது. பிறகு காலை எடுத்தார். கரட் நின்றது. அவள் கையால் காட்டக் காட்ட, மிசினின் கையை மெல்ல உயர்த்தி, பக்கத்துக்குத் திருப்பி, அணைத்துவிட்டு இறங்கினார். இறங்கியவர் அவளைக் கடந்து படலைக்கு வெளியே போய், மதகில் உட்கார்ந்து பொலிசுக்கு அழைத்தார்.

பொலிஸ் வந்தது, வளவைச் சுற்றி நாடா கட்டியது. பக்கத்து மூன்று வீட்டாரையும் எழுப்பி அனுப்பினார்கள். நீதவானின் அனுமதி வர அடுத்த நாள் ஆனது. வெடிபொருள் அகற்றுபவர்கள் மூன்றாம் நாள் வந்தார்கள். பொந்தின் உதட்டைக் கைவாளால் கொஞ்சம் கொஞ்சமாக அறுத்து எடுத்து உள்ளே பார்த்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பாக வந்தவர் நாடாவுக்கு வெளியே நின்ற நவ்பரிடம் வந்து, வெடிக்காமல் போன மோட்டார் செல் என்றும், தலைகீழாக இறங்கி வால் மேலே தெரிய மரத்துக்குள் மூடப்பட்டிருக்கிறது என்றும் உடைந்த தமிழில் சொன்னார். ஆர் முதலில் கண்டது என்று கேட்டார். நவ்பர் யூலிற்றாவைக் காட்டினார். அந்த ஆள் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

குற்றியை அப்படியே மண்மூட்டைகளுக்கு நடுவில் வைத்து, ஆள் நடை வேகத்தில் கல் உடைக்கும் பள்ளம் ஒன்றுக்குக் கொண்டு போனார்கள். பகல் இரண்டு மணிக்கு அதை வெடிக்க வைத்த சத்தம் கேட்டது. வளவில் அடுக்கியிருந்த விறகில் இரண்டு மூன்று உருண்டு விழுந்தன.

அதன்பிறகுதான் யூலிற்றாவுக்கு மற்றது எல்லாம் நினைவில் வந்தது. அந்த மரம் புயலில் விழுந்தது. வாள்காரர்கள் அதன் இரண்டு பக்கமும் அறுத்தார்கள். நாலு பேர் உருட்டி லொறியில் ஏற்றினார்கள். வளவில் மேலே இருந்து தள்ளி இறக்கினார்கள். அவளும் பக்கத்தில்தான் நின்றாள். வீட்டுக்கு வந்து முற்றத்துக் கதிரையில் இருந்தவள் வெகுநேரம் எழும்பவில்லை. துசியந்தன் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான்.

"யூலி, இந்த வேலை வேண்டாம். விடு."

"விட்டிட்டு?"

"என்னோட வா. சீமெந்து குழைக்கலாம்."

அவள் சிரித்தாள். "நான் விட்டா இன்னொருத்தர் ஏறுவினம். அவை சுத்தி வந்து பாப்பினமோ?"

 "பாக்க மாட்டினம்," என்றான்.

பேக்கரிக்காரர் அந்த வாரத்தோடு வேறு இடத்தில் விறகெடுக்கத் தொடங்கினார். நவ்பர் அதைப் பற்றி யூலிற்றாவிடம் ஒரு சொல் சொல்லவில்லை. வளவு திறந்த அன்று, அவளிடம் வந்து தன்னிடமிருந்த மற்றத் திறப்பை நீட்டினார்.

"இதையும் வச்சுக்கங்க. நீங்க பாத்துச் சொல்லாத குற்றியை இனி ஒருத்தரும் தொடப்படாது. நானும்தான்."

அவள் வாங்கிக்கொண்டாள். "நானா, அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சிருக்கக்கூடாது."

"எப்பிடி?"

"இஞ்ச இருக்கேல்ல எண்டு."

நவ்பர் மரத்தூளைச் செருப்பால் கிளறிக்கொண்டு நின்றார். "உண்மையைத்தானே சொன்னீங்க. இருந்திருந்தா எனக்கும் கறையைப் பாக்கத் தெரிஞ்சிருக்கும்," என்றார். பிறகு, "இல்லாட்டிச் சண்டையில இல்லாமலே போயிருப்பன். அல்லாஹ்தான் அறிவான்," என்று சொல்லிவிட்டு லொறிக்காரரைப் பார்க்கப் போனார்.

மிச்சமிருந்த மூன்று மருதங்குற்றிகளையும் அவள் அந்த வாரம் பிளந்து முடித்தாள். அவற்றில் ஒன்றுமில்லை. நல்ல சிவந்த மரம்.

கதை ஊரில் பரவி, இப்போது மரம் அரியும் ஆலைக்காரர்களும் அவளைக் கூப்பிடுகிறார்கள். வளவுகளில் புயலுக்கு விழுந்த மரத்தை அறுக்கப் பயந்து வைத்திருப்பவர்களும் கூப்பிடுகிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து துசியந்தனை ஸ்கூட்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போவாள். மரத்தைச் சுற்றி வந்து, சந்தேகமான இடங்களைச் சிவப்புப் பூச்சால் குறிப்பாள். போன கிழமை முள்ளியவளையில் ஒரு மாமரத்துக்கு ஒரு குறியும் போடவில்லை. வீட்டுக்காரி நம்பாமல் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னாள். யூலிற்றா மறுபடியும் சுற்றி வந்தாள்.

"ஒண்டுமில்லை அக்கா. பயப்பிடாமல் அறுங்கோ," என்றாள்.