வெறுங்கல் ஓடிய சந்து

போன வாரம் கிரைண்டர் பழுது பார்க்க வந்த மெக்கானிக், குழவியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டு, கல்லின் உள்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு அந்த விரலை முகர்ந்து பார்த்தார். எதற்கென்று தெரியவில்லை. தொழில் தெரிந்தவர்கள் எதையும் ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் பேசுகிறார்கள்.

“என்னக்கா, அரிசி போடாம வெறுங்கல்லாவே ஓட்டுனீகளா? கல்லு கல்லையே தின்னுருக்கு.”

கல் பழையது என்று மட்டும் சொன்னேன். பழையதுதான், பொய் இல்லை. ஆனால் முழுப் பதிலும் சொல்வதென்றால் அவரை உட்காரவைத்து, காபி கொடுத்து, கொட்டகையிலிருந்து தொடங்க வேண்டும். அவருக்கு அடுத்து உத்தமபாளையத்தில் ஒரு வேலை இருந்தது. உங்களுக்கு அவசரம் இல்லை என்று நினைக்கிறேன்.

கம்பம் ஊரில் எங்கள் வீட்டின் பின்சுவரும் சினிமாக் கொட்டகையின் பக்கச்சுவரும் ஒன்று. சரியாகச் சொன்னால் ஒன்றல்ல, இரண்டு. நடுவே பூனை மட்டும் போகக்கூடிய ஓர் இடுக்கு உண்டு. கொட்டகைக்கும் அதன் சைக்கிள் ஸ்டாண்டுக்கும் இடையில் நுழையும் சந்து, எங்கள் வீட்டு வாசலில் வந்து முட்டி நின்றுவிடும். வேறு வழி கிடையாது. டிக்கெட் கவுண்டரைத் தாண்டாமல் எங்கள் சந்துக்காரர்கள் பால்கூட வாங்க முடியாது.

இதெல்லாம் தெரிந்துதான் அப்பா அந்த வீட்டை வாங்கினார். தெரிந்து என்பதைவிட, இதற்காகவே வாங்கினார் என்று சொல்ல வேண்டும். அவர் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். பெருமைப்பட்டுக்கொள்ள அவருக்கு அதிகம் இல்லை. “கொட்டகைக்கு அடுத்த வீடு” என்று அவர் சொல்லும்போது, அரண்மனைக்கு அடுத்த வீடு என்பதுபோல இருக்கும். பொங்கலுக்குப் பண்ணைப்புரத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் உறவினர்கள் வண்டி பிடித்து வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் படம் பார்க்கப் போவார்கள். எங்களைப் பார்க்க வந்ததாகத்தான் சொல்வார்கள்.

எனக்குப் படங்கள் காது வழியாகத்தான் வந்தன. சமையலறைச் சன்னலுக்கு நேரே கொட்டகையின் காற்றாடிப் பொந்து. அது வழியாக வசனம் முழுவதும் கேட்கும். ஒரு படத்தை ஐம்பது நாள் ஓட்டினால் ஐம்பது நாளும் கேட்கும். பார்க்காத படங்களின் வசனத்தைப் பள்ளிக்கூடத்தில் ஏற்ற இறக்கத்தோடு சொல்லிப் பேர் வாங்கியிருக்கிறேன். பிறகு அவற்றில் ஒன்றை உண்மையாகவே பார்த்தபோது, நான் ஒல்லியாகவும் மீசையில்லாமலும் கற்பனை செய்து வைத்திருந்த வில்லன் தொப்பையும் மீசையுமாக வந்து நின்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆபரேட்டர் செல்வராசு அண்ணன் படப்பெட்டியை மாற்றிவிட்டார் என்று வீட்டில் வந்து புகார் சொன்னேன்.

அந்தப் பொந்து வழியாக வசனத்தோடு வாசனையும் வரும். வேர்க்கடலை, பீடி, ஈரச்சாக்கு, எல்லாவற்றுக்கும் மேலே பினாயில். கொட்டகை மாறிவிட்டதை எனக்கு முதலில் சொன்னது இந்தப் பினாயில்தான். நான் போடியில் ஏலக்காய்க் கமிஷன் மண்டி ஒன்றில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்திருந்த சமயம். ஒருநாள் பினாயில் வாசனை நின்றுவிட்டது. அடுத்து முறுக்கு விற்ற அம்மா வருவது நின்றது. அதற்கடுத்து, பெண்கள் வரிசைக்கென்று கம்பி போட்டுத் தடுத்திருந்த நடைபாதையில் கொட்டகை முதலாளி உரமூட்டைகளை அடுக்கிப் பூட்டினார். பெண்கள் வரிசை இனித் தேவையில்லை என்று அவர் முடிவு செய்துவிட்டதை அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

முதலாளியைக் குறை சொல்லி என்ன செய்ய? வீட்டுக்கு வீடு கேபிள் வந்துவிட்டது. புதுப்படப் பெட்டிகள் பெரிய கொட்டகைகளுக்குப் போய்விட்டன. குமுளி பக்கமிருந்து வந்த பழைய மலையாளப் படங்கள்தான் அவருக்கு மிஞ்சின. இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், படத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறொரு துண்டை நடுவில் ஒட்டிக் காட்டுவார்கள். அதற்கு ‘பிட்டு’ என்று பெயர் என்பது ஊருக்கே தெரியும். எங்கள் வீட்டில் மட்டும் அதற்குப் பெயர் கிடையாது. “அந்த நேரம்” என்றுகூட யாரும் சொன்னதில்லை.

ஆட்டம் தொடங்குமுன் கூம்பு ஒலிபெருக்கியில் சாமிப்பாட்டுப் போடுவதைச் செல்வராசு அண்ணன் கடைசிவரை விடவில்லை என்பதையும் இங்கே குறித்துவிடுகிறேன். என்ன படமானாலும் முதலில் முருகன்.

சமையலறைச் சன்னலை அப்பா செங்கல் வைத்து அடைத்தார். பின்பக்கம் இருந்த மற்ற இரண்டையும் அடைத்தார். பகலிலும் குழல்விளக்கு எரிந்தது. கதவைத் தவிர வெளிச்சம் வர வழியில்லாத வீட்டில் அப்பா, அம்மா, நான் மூவரும் குரலைத் தாழ்த்திப் பேசக் கற்றுக்கொண்டோம்.

சந்துக்குள் வரும் ஆண்கள் பாடு இன்னும் மோசம். எங்கள் வீட்டுக்குத்தான் வருகிறோம் என்று ஊருக்குக் காட்டியாக வேண்டுமே. சந்து முனையிலேயே நின்று, “மாமா வீட்டுல இருக்காகளா?” என்று தேரடிவரை கேட்கும்படி கத்துவார்கள். சிலர் ஒரு சீப்பு வாழைப்பழத்தைப் பையில் போடாமல் கையில் தூக்கிப் பிடித்து வருவார்கள். அப்பாவே, சொந்த வீட்டுக்கு வருகிறவர், காய்கறிப் பையிலிருந்து முருங்கைக்காய் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி பார்த்துக்கொள்வார். கொஞ்ச காலத்தில் உறவினர்களுக்கு இந்த வேடம் அலுத்துவிட்டது. வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

வராதவர்களோ எங்கள் வீட்டுக்கு வந்து போனதாகத் தங்கள் வீட்டில் சொன்னார்கள். கொட்டகைக்குள் நுழைவதை யாராவது பார்த்துவிட்டால் அப்பா பெயர்தான் கைகொடுக்கும். ஒருமுறை கடைத்தெரு மளிகைக்காரரின் மனைவி நேரே வந்து, நேற்று தன் வீட்டுக்காரர் இங்கே வந்தாரா என்று அம்மாவிடம் கேட்டார். அவரை நாங்கள் பார்த்தே வருடக்கணக்காகியிருந்தது. அம்மா அந்தப் பெண்ணின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “வந்தாக ஆத்தா. காபித்தண்ணி குடிச்சாக” என்றாள். அந்தப் பெண் போன பிறகு, அந்த மனிதருக்குக் காபி கொடுத்ததற்காக நாள் முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தாள்.

சன்னலை அடைத்தாலும் சத்தம் வந்தது. எனவே அந்த நேரம் நெருங்கும்போது அம்மா எழுந்துபோய்க் கிரைண்டரைப் போட்டுவிடுவாள். எதிர்வீட்டுப் பார்வதி அக்கா தையல் மிஷினை மிதிப்பாள். அடுத்த வீட்டில் ரேடியோ, அதற்கடுத்து குக்கர், சந்து முனை வீட்டில் தண்ணீர் மோட்டார். யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனால் இடைவேளை மணிக்குப் பிறகு சந்து முழுவதும் ஒரே நேரத்தில் இரைய ஆரம்பித்து, ஒரே நேரத்தில் அடங்கும். எங்கள் வீட்டில் மாவுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. தின்ன முடியாமல் ஊருக்குக் கொடுத்தோம். அரிசி கட்டுப்படியாகாத நாட்களில் அம்மா வெறுங்கல்லை ஓட்டினாள். மெக்கானிக் தடவிப் பார்த்தது அதைத்தான்.

அந்தச் சமயத்தில்தான் குச்சனூரிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை கரண்ட் ஆபீசில் வேலை. வீட்டுக்கு நாலு பக்கமும் சன்னல், எந்தச் சன்னலைத் திறந்தாலும் நெல்வயல் என்று தரகர் சொன்னார். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? மாப்பிள்ளையின் போட்டோவை ஒருமுறைதான் பார்த்தேன். சன்னல்களைப் பற்றித்தான் இரவு பகலாக நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கே போய் முதல் காரியமாக எதைத் திறப்பது என்றுகூட வரிசை போட்டு வைத்திருந்தேன்.

அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மதியம், குளிகையில்தான் பெண் பார்ப்போம் என்றார்கள். குளிகையில் செய்தது பெருகுமாம். ஞாயிறு மதியக் குளிகை என்பது மேட்னி ஷோவின் சரிபாதி. வேறு நாள் கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. காரணம் கேட்டால் என்ன சொல்வது?

எனக்குப் பிறகு தெரியவந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அப்பா சனிக்கிழமை யாருக்கும் தெரியாமல் கொட்டகை மாடிக்குப் போய்ச் செல்வராசு அண்ணனைப் பார்த்திருக்கிறார். அவர், “படத்த நிறுத்துனா முதலாளி என்னைய நிறுத்திருவாரு மாமா. சத்தத்த நிறுத்துறேன், போங்க” என்றிருக்கிறார். அதே சனிக்கிழமை அம்மா பார்வதி அக்காவைப் பார்த்திருக்கிறாள். நாளைக்கு எதுவும் கேட்டுவிடக் கூடாது, சந்தே அதிர வேண்டும் என்று பேசி முடித்திருக்கிறார்கள். அப்பா அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா அப்பாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? பெயரே இல்லாத ஒன்றைப் பற்றிப் புருஷனும் பெண்டாட்டியும் என்ன பேசிக்கொள்ள முடியும்?

அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, தாய்மாமன். ஆட்டம் தொடங்கிவிட்டதால் வாசலில் கூட்டம் இல்லை. பார்வதி அக்கா போஸ்டர் பலகை மறையும்படி கொடி கட்டி இரண்டு போர்வைகளைத் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். ஏதோ பழைய கொட்டகை என்று மட்டும் நினைத்து உள்ளே வந்துவிட்டார்கள். தாய்மாமன் மட்டும், யாரும் வழி காட்டாமலே முன்னால் நடந்து வந்தார்.

காபி கொடுத்தேன். மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்து, “சீனி சரியா இருக்கு” என்றார். அவர் என்னிடம் பேசியது அவ்வளவுதான். இடைவேளை மணி அடித்தது. அப்பா நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். சொன்னபடி கொட்டகையிலிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. நல்ல காலத்தில் சத்தம் போய்விட்டால் விசில் பறக்கும், ஆபரேட்டரின் பரம்பரையே இழுபடும். இப்போது உள்ளே இருந்தவர்களில் ஒருவர்கூடக் கத்தவில்லை. கத்தினால் குரல் அடையாளம் தெரிந்துவிடுமே.

அந்த அமைதியில் அம்மா எழுந்தாள். “கேசரி எடுத்தாரேன்” என்று சமையலறைக்குப் போனாள்.

வெறுங்கல் ஓடும் சத்தம் உங்களுக்குத் தெரியுமா? மாவு இருந்தால் கிரைண்டர் முனகும். இல்லாவிட்டால் பல்லை நறநறவென்று கடிக்கும். அது தொடங்கியதும் தையல் மிஷின், ரேடியோ, குக்கர், மோட்டார். பார்வதி அக்கா எனக்காக இரவல் வாங்கி வைத்திருந்த இரண்டாவது ரேடியோவும் சேர்ந்துகொண்டது.

சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்துவிட்டார். கேசரியோடு வந்த அம்மாவிடம் மாப்பிள்ளையின் அம்மா உரக்கக் கேட்டார்: “என்ன மதினி, சந்தே சேந்து மாவாட்டுது?”

அம்மா தலை குனிந்துகொண்டாள். ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அப்பாதான் வாயைத் திறந்தார். “கொட்டகைச் சத்தம் கேக்கக் கூடாதுன்னுட்டு...”

“கொட்டகைல சத்தமே இல்லையே அண்ணே.”

அந்த அம்மாள் அடைத்த சன்னலைப் பார்த்தார். வாசல் வழியே தெரிந்த ஈரப் போர்வைகளைப் பார்த்தார். கடைசியாகத் தன் தம்பியைப் பார்த்தார். தாய்மாமன் உத்தரத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். அந்த அம்மாளுக்குப் புரிந்த கணம் எனக்குத் தெரிந்தது. தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார்.

இரைச்சல் அடங்கும்வரை காத்திருந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “பொண்ணு தங்கம், மதினி. நான் ஒரு குத்தமும் சொல்ல மாட்டேன். ஆனா தலைத் தீபாவளிக்கு எம் மகன் இந்தச் சந்துக்குள்ள நுழைஞ்சா, மாமனார் வீட்டுக்குப் போறான்னு யாரு நம்புவாக?”

கோபமாகச் சொல்லியிருந்தால் நாங்களும் கோபப்பட்டிருக்கலாம்.

மறுநாள் காலையில் செல்வராசு அண்ணன் சந்து முனைவரை வந்து நின்றார். அதற்கு மேல் வரவில்லை. “நான் செஞ்சது பத்தலையா மாமா?” என்று கேட்டார்.

அப்பா, “பத்துச்சுப்பா” என்றார். கொஞ்சம் பொறுத்து, “கூடிப்போச்சு” என்றார்.

அதற்குப் பிறகும் சிலர் வந்தார்கள். சந்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு வருவதும் நின்றது. வீட்டை விற்கவும் பார்த்தோம். வாங்க வந்தவர்களும் அதே சந்து வழியாகத்தானே வர வேண்டும்? நான் போடி பஸ்ஸில் போய் வந்துகொண்டே இருந்தேன். இப்போதும் போகிறேன்.

கொட்டகையை யாரும் எதிர்த்து மூடவில்லை. ஆளாளுக்குக் கையில் போன் வந்தது, கூட்டம் தேய்ந்தது, ஒருநாள் முருகன் பாட்டு வரவில்லை. அவ்வளவுதான். செல்வராசு அண்ணன் திருப்பூரில் மகன் வீட்டுக்குப் போனார். பார்வதி அக்கா வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. போன வருடம் கொட்டகையை இடித்து மண்ணை அள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா அதைப் பார்க்க இல்லை. சமையலறைச் சன்னலின் செங்கல்லை நான்தான் ஆள் வைத்து எடுத்தேன். அங்கே நின்றால் மேற்கே மலை முழுசாகத் தெரிகிறது. இத்தனை காலமும் அது அங்கேயேதான் இருந்திருக்கிறது.

மெக்கானிக் கல்லைக் கொத்தி முடித்து, பெல்ட்டை மாட்டி, சரிபார்க்க ஒருமுறை ஓடவிட்டார். அரிசி இல்லை. கல் பல்லைக் கடித்தது. உள்ளே கட்டிலில் படுத்திருந்த அம்மா, இப்போதெல்லாம் பாதி நேரம் என்னையே யாரென்று கேட்பவள், தெளிவாகக் குரல் கொடுத்தாள்.

“அதுக்குள்ள ஆரம்பிச்சுட்டாகளா?”

“இல்லம்மா. எல்லாரும் போயிட்டாக.”

மெக்கானிக் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போய் நின்றேன். அவர் சந்து வழியாக நிதானமாக நடந்தார். முனையில் நின்று பீடி பற்றவைத்தார். கையில் பழம் இல்லை. யாரையும் கூப்பிட்டுக் கத்தவில்லை. தெருவில் போன ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.