அணைக்கட்டின் கீழே ஒரு மயிற்பீலி

டோர்ட்மண்டிலிருந்து ஒரு மணி நேரக் கார் ஓட்டத்தில் அந்த அணைக்கட்டு. ஊரெல்லாம் உறைந்து கிடக்கும் சனிக்கிழமைகளில்கூட அதன் கீழே ஆறு உறையாது. யூரோ வந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஜெர்மன் நண்பன்தான் முதலில் கூட்டிப் போனான். நெஞ்சுவரை ரப்பர் காற்சட்டை, விறைத்துப்போன விரல்கள், தூண்டில் தடியின் வளையங்களில் பனிக்கட்டி. விசர் வேலை என்பாள் மனைவி. எனக்கோ அந்தக் குளிர் இன்று நினைத்தாலும் இனிக்கிறது.

புழு கிடையாது. கொளுக்கியில் நூலையும் இறகையும் சுற்றிப் பூச்சி மாதிரிச் செய்து, அதைக் காட்டி டிரவுட் மீனை ஏமாற்றவேண்டும். அந்தக் குளிர்காலம் முழுக்க ஏமாந்தது நான்தான். மயிற்பீலியின் நாரைச் சுற்றிப் பார், மீன் வாய் திறக்கும் என்றான் நண்பன். அவனுக்கு அது கடைச் சாமான். என் வீட்டுச் சாமித்தட்டிலோ முருகன் படத்துக்குப் பின்னால் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. எப்போது வந்ததென்று தெரியாது. முருகன் கோபிக்கமாட்டார் என்று நானே முடிவுகட்டி, ஒரு பக்கத்தை மொட்டையாக்கினேன்.

அடுத்த சனிக்கிழமையே மீன் பட்டது, முழங்கை நீளத்தில். பெருமை தாங்கவில்லை. அதைக் குசினியில் வைத்து, எப்படிப் பிடித்தேன் என்பதையும் உளறிவிட்டேன்.

மனைவி சாமித்தட்டுப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது கையில் பீலி. சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். போடவில்லை.

"இது நான் எடுத்த காவடியின்ர பீலி," என்றாள். "உங்களைத் திருப்பி அனுப்பக்கூடாதெண்டு நேர்ந்து எடுத்தனான்."

அது பல வருடம் முன்னால், என் அகதி வழக்கு இழுபட்ட காலம். அவளுக்கு விசா இருந்தது. எனக்கு வழக்கு முடியும்வரை மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதியில்லை. அடுத்த மாவட்டத்துக் கோவில் தேர்த்திருவிழாவுக்கு அவள் தனியாகத்தான் போனாள். காலில் கொப்புளங்களோடு வந்தவளிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கு வென்றதும் வழக்கறிஞருக்குப் பூங்கொத்து கொடுத்தேன். இவளுக்கு ஒரு பூ கொடுக்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

இனி அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றேன். அவள் மீனைக் குழம்பு வைத்தாள். தான் ஒரு துண்டும் தொடவில்லை. அந்தக் கிழமை முழுக்கத் தேவைக்கு மட்டும்தான் பேச்சு. இவள் மனம் இனி ஆறாதோ என்று பயந்துபோனேன்.

மறு சனிக்கிழமை நான் கட்டிலை விட்டு எழும்பவில்லை. அவள் வந்து பீலியை என் தூண்டில் பெட்டியின்மேல் வைத்தாள்.

"மிச்சத்தையும் எடுங்கோ," என்றாள். "நீங்கள்தான் இஞ்ச இருக்கிறியளே."