சுவரில் அடித்த நாலு பலகை

பீர்க்கை விதைப் பையைத் தூக்கினேன். மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. கீழ்ப்பாதியை எலி தின்று தீர்த்திருந்தது. பக்கத்திலிருந்த அவரை மூட்டையின் அடியில் கறையான் புற்றுக் கட்டத் தொடங்கியிருந்தது. அவனியாபுரத்தில் எங்கள் தோட்டத்துக் கொட்டகைக்குள் கால் வைக்க இடமில்லாமல் ஒற்றைக் காலில் நின்றபடி நிமிர்ந்து பார்த்தேன். தரையில் இத்தனை நெரிசல். தலைக்கு மேலே கூரை வரைக்கும் ஒன்றுமே இல்லை. தட்டு அடித்து விதைகளை மேலே ஏற்றிவிட்டால் என்ன? அந்த நிமிஷமே எனக்குக் கை துறுதுறுக்க ஆரம்பித்துவிட்டது.

அவசரமும் இருந்தது. "இந்த ஆடிக்கும் விதை கெட்டுப்போச்சுன்னா தோட்டத்தை மல்லிகைக்காரருக்குக் குத்தகைக்கு விட்டுருவேன்" என்று அப்பா முந்தின வாரம்தான் சொல்லியிருந்தார். பள்ளியிறுதி முடித்துவிட்டு ஆசிரியப் பயிற்சிக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். அந்தத் தோட்டமும் போனால் எனக்கு மிஞ்சுவது அடுப்படி மட்டும். யுத்த காலம் வேறு. மரம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஒடிந்து கிடந்த பழைய மாட்டுவண்டியின் பலகைகளைப் பிரித்தேன். நோட்டில் அங்குலக் கணக்கோடு படம் வரைந்தேன். சுவரைத் தொடாமல் நாலு காலில் நிற்கும் அடுக்கு; ஒவ்வொரு காலுக்கும் கீழே தண்ணீர் ஊற்றிய தகரக் கிண்ணம். எறும்போ கறையானோ நீந்தித்தான் வர வேண்டும். படத்தைப் பார்த்துப் பார்த்து நானே மெச்சிக்கொண்டேன்.

துணைக்கு வாய்த்தவர் சித்தப்பா. அப்பாவின் தம்பி, எங்களோடேயே இருந்தார். கைவேலை தெரிந்தவர், பொறுமைசாலி. ஆனால் எதைக் கேட்டாலும் அவரிடம் இருந்தது ஒரே பதில்.

"சித்தப்பா, இந்த ஓட்டை வாளியத் தூக்கிப் போட்டுறவா?"

"இருக்கட்டும் தாயி."

"புது ஆணி வாங்கியாரவா?"

"இருக்கட்டும்."

"காப்பி குடிக்கிறீகளா?"

"இருக்கட்டும், இருக்கட்டும்."

வேண்டுமா, வேண்டாமா, அப்புறமா? இருபது வருஷம் அவரோடு ஒரே வீட்டில் இருந்த அம்மாவுக்கே தெரியாது. காப்பியைக் கொண்டுபோய் வைத்தால் குடிப்பார். வைக்காவிட்டால் கேட்க மாட்டார். ஆணி வாங்க வேண்டாம் என்று நினைத்துச் சும்மா இருந்தால், மறுநாள் "ஆணி வரலையா தாயி?" என்பார். வாளி மட்டும் கடைசிவரை இருந்தது. வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று நான் பறக்க, அவர் ஒரு பலகையைத் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கிண்ணம் வாங்க டவுனுக்குக் கிளம்பிய அன்று குதிரைவண்டியில் ஏற ஒரு காலை வைத்துவிட்டேன். கொட்டகைக்குள்ளிருந்து சித்தப்பா கேட்டார்: "தாயி, அடுக்குக்குக் காலு எதுக்கு? சுவத்துலயே முளைக்குச்சி அடிச்சுப் பலகையப் போட்டுறலாமா?"

"அதெல்லாம் இருக்கட்டும் சித்தப்பா, வாரேன்!"

அந்தப் பேச்சை விடுங்கள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அப்படியே சொல்லியிருக்கலாம். அவரோடு பழகிப் பழகி அவருடைய சொல் என் வாயிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் நாலு கிண்ணத்தோடு இறங்கினால், மண்சுவரில் நாலு பலகை வரிசையாகத் தொங்குகிறது. தரையில் கிடந்த விதைக் கலயங்களையும் துடைத்து மேலே அடுக்கியாயிற்று. "நீ சொன்னபடியே முடிச்சுப்புட்டேன்" என்றார், முகமெல்லாம் மலர. திட்ட வாய் வரவில்லை. அன்றைக்கே பிரித்திருக்க வேண்டும், பிரிக்கவில்லை. அது என் தப்பு.

மூன்றாம் நாள் ஒரு மழை. ஊறிய சுவரிலிருந்து முளைக்குச்சிகள் கழன்றுவிட்டன. பலகைகளும் கலயங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து சில்லு சில்லாகக் கிடந்தன. கத்தரி, மிளகாய், தக்காளி விதைகள் ஒரே குவியல். மூன்றும் சின்னச் சின்ன வெளிறிய வட்டங்கள். முறத்தில் போட்டு எது எதுவென்று நான் கண் வலிக்கப் பொறுக்க, சித்தப்பா பக்கத்தில் குந்தி, "முளைச்சாத் தெரிஞ்சுபோகும் தாயி" என்றார். முறத்தை அவர் தலையில் கவிழ்த்துவிடலாமா என்று இருந்தது.

அப்பா வந்து பார்த்தார். "சரி, மல்லிகைக்காரருக்கு ஆள் அனுப்புறேன்" என்று திரும்பினார். நான் அழாமல் இருக்க முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேணாம்ணே" என்றார் சித்தப்பா.

அப்பா நின்றுவிட்டார். அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லை அவரும் கேட்டதில்லை போலும்.

"இந்தப் பிள்ளை கால் வச்சுத்தான் செய்யணும்னுச்சு. சுவத்துல அடிச்சது நானு. பிள்ளைய ஒண்ணும் சொல்லாதீக. தோட்டத்தக் குடுக்க வேணாம்."

அப்பா வீட்டுக்குப் போனார். ஆள் அனுப்பவில்லை. குவியலை அப்படியே நாற்றங்காலில் தூவினோம். கத்தரிக்கு நடுவே மிளகாய், மிளகாய்க்கு நடுவே தக்காளி என்று பாத்தியே குழம்பிக் கிடந்தது. பறிக்கப் போன அம்மா என்னை ஏசாத நாள் இல்லை. ஆனால் காய்த்தது. ரேஷன் அரிசிக்கு வரிசையில் நின்ற அந்த வருஷத்தில் எங்கள் வீட்டில் காய்க்குப் பஞ்சமில்லை. குத்தகைப் பேச்சை அப்பா பிறகு எடுக்கவில்லை.

இப்போது மூன்று வருஷமாகிறது. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். சித்தப்பா திண்டுக்கல்லில் மகள் வீட்டில் இருக்கிறார். விதைகளோ கொட்டகையை விட்டு வந்து இன்னும் அம்மாவின் அரிசிப் பானைகளுக்கு இடையில் குடியிருக்கின்றன. "ஏண்டி, எம்புட்டு நாளைக்கு இது?" என்று அம்மா கேட்காத வாரமில்லை. கொட்டகையில் மறுபடி அடுக்குக் கட்டப் போகிறேன். இந்த முறை மரமே கிடையாது: செங்கல் தூண், அதன்மேல் கடப்பைக் கல், மூன்று அடுக்கு. சுவருக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கல்லைத் தூக்கி வைக்க இன்னொரு ஆள் வேண்டும் என்பதால் சித்தப்பாவுக்குக் கார்டு எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாராம். கார்டில் "சுவரைத் தொடக் கூடாது" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன்.