ஏலக்காய்க்கு லீவு கிடையாது

போன திங்கட்கிழமை போடியில் ஒரு கல்லூரி வாசலில் நின்றுகொண்டு என் சித்தி மகளுக்கு இருமக் கற்றுக்கொடுத்தேன்!

பவித்ரா ராசிங்காபுரத்துப் பெண். பி.காம். இரண்டாம் வருடம். அட்டெண்டன்ஸ் குறைவு, ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் தப்பிக்கலாம். சும்மா இருப்பேனா நான்? தெரிந்த கிளினிக்கில் ஒரு டைபாய்டு வாங்கி வந்துவிட்டேன்.

துறைத் தலைவர் மேடம் சான்றிதழைப் பார்த்தார். பிறகு பவித்ராவின் கையைப் பார்த்தார். விரல் இடுக்கெல்லாம் கறுப்பு.

“டைபாய்டு வந்தா ஏலச்செடிக் கறை படியுமாம்மா? எந்த எஸ்டேட்டு?”

மேடத்துக்கும் இதே ஊர்தான். இதை எப்படி மறந்தேன்?

பவித்ரா இருமவில்லை. “அம்மாவுக்கு இடுப்பு புடிச்சுக்கிருச்சு மேடம். அவுகளுக்குப் பதிலா நான் ஜீப்புல மலைக்குக் காய் பறிக்கப் போனேன். போகலன்னா அந்த எடத்துல வேற ஆள ஏத்திக்கிருவாக. சீசன் முச்சூடும் சோலி இல்ல.”

மேடம் பேனாவை மூடினார். “இந்தச் சான்றிதழ் போதும்னா இப்பவே கையெழுத்துப் போடுறேன். உள்ளத எழுதித் தந்தா பிரின்சிபாலுக்குத்தான் போகும். காய் பறிக்கப் போனதுக்கு ரூல்ல எடமில்ல. அவர் முடியாதுன்னா இந்த செமஸ்டர் போச்சு. எது வேணும்?”

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்தேன். ‘வெரசா தலையாட்டு தாயி!’

அவள் ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கி, உள்ளதை எழுதிக் கொடுத்துவிட்டாள்.

படியிறங்கும்போது கத்தினேன். “லூசாடி நீயி? கைக்கு வந்ததத் தட்டி விட்டுட்டு வர்ற!”

“கத்தாதண்ணே. இந்த வருசம் டைபாய்டு. அடுத்த சீசனுக்கு எனக்கு என்ன நோவு வாங்கியாருவ?”



யோசித்துப் பாருங்கள். கலைவிழாவில் ஆடப் போனால் அது ‘ஆன் டியூட்டி’. பந்து விளையாடப் போனாலும் ‘ஆன் டியூட்டி’. அம்மாவின் வேலையைக் காப்பாற்றப் போனால் மட்டும் ‘ஆப்சென்ட்’! பொய்க்கு ஒரு விதி வைத்தவர்கள், மெய்க்கும் ஒன்று வைத்தால் என்னவாம்?

இதை எழுதும்வரை பிரின்சிபாலிடமிருந்து பதில் இல்லை. பரீட்சைக்கோ நாள் நெருங்கிவிட்டது. கல்லூரி வாசலுக்கு ஒரு நடை, மேடத்துக்கு ஒரு போன், மறுபடி ஒரு நடை... எனக்கு இருப்பு கொள்ளவில்லை.

நேற்று சித்தி வீட்டுக்கு ஓடினேன். பவித்ரா கூடத்தில் உட்கார்ந்து காஸ்ட் அக்கவுண்டிங் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

“வெளிச்சத்த மறைக்காதண்ணே. தள்ளி நில்லு.”

பார்த்தால், ஹால் டிக்கெட் இல்லாதவன் நான்தான் என்று தோன்றும்!