நிழலில்லாத நண்பகலைத் தேடி மாமல்லபுரம்

2003 ஏப்ரல் 23, புதன். காலை ஐந்தேகாலுக்கு வேதாரண்யத்தில் பேருந்து ஏறினோம், நானும் என் வீட்டுக்காரரும் ஓர் அலுமினியக் கம்பியும். சன்னலுக்குத் திரை மாட்டும் கம்பிதான். சரியாக இரண்டு மீட்டருக்கு அறுத்து வாங்கியிருந்தேன். இதன் ஜோடி எங்கள் பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இருந்தது. நடத்துநர் கம்பியை மேலும் கீழும் பார்த்துவிட்டு அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். என் வீட்டுக்காரர் கலியமூர்த்தியும் நடத்துநர்தான், இருபத்தாறு வருடமாக ஊரார் மூட்டைக்கெல்லாம் டிக்கெட் கிழித்தவர். அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

எதற்கு இந்தக் கூத்து என்று சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் எரடோஸ்தனிஸ் என்று ஒரு கிரேக்கர் இருந்தார். நூலகத்தைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. தெற்கே சையீன் என்ற ஊரில் ஆண்டில் ஒரு நாள் உச்சி வேளையில் சூரியன் கிணற்றின் அடித்தண்ணீரில் தெரியும், எந்தப் பொருளுக்கும் நிழல் விழாது என்று கேள்விப்பட்டார். அதே நாள் அதே வேளையில் தன் ஊரில் நிழல் விழுந்ததை அளந்தார். அந்தக் கோணத்தையும் இரண்டு ஊருக்கும் இடையிலுள்ள தூரத்தையும் வைத்துக்கொண்டு பூமியின் சுற்றளவையே சொல்லிவிட்டார். எனக்கு இந்த மனிதர் மேல் அப்படி ஒரு பிரியம். பதினெட்டு வருடமாக ஒவ்வொரு ஒன்பதாம் வகுப்புக்கும் அவர் கதையைச் சொல்லிவருகிறேன்.

போன ஐப்பசியில் இந்தக் கதையைச் சொல்லி முடித்ததும் செல்வி என்ற பெண் எழுந்து, "நிழலே இல்லாம நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன், கல்யாணமான புதிதில் மாமல்லபுரத்தில், என்று வாயில் வந்துவிட்டது. மாமல்லபுரம் போனது உண்மை. நிழலை யார் பார்த்தார்கள்! ஐம்பத்திரண்டு பிள்ளைகளும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊருக்கும் அந்த நாள் வரத்தான் செய்கிறது. இந்த வருடம் ஒரு வாரம் முன்னால் வந்தது, அப்போது நான் பரீட்சை அறையில் இருந்தேன். அதோடு நான் சொன்னது மாமல்லபுரத்துப் பொய். அதை அங்கே போய்த்தான் மெய்யாக்க வேண்டும். அதே உச்சி வேளையில் பிள்ளைகள் ஊரில் நிழலை அளப்பதாக ஏற்பாடு.

கடலூரில் வண்டி நின்றபோது வீட்டுக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். வடையை வாயில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இதுக்குத்தானா டீச்சர் கம்பியத் தூக்கிக்கிட்டு வர்றீங்க?" என்றார். கேலி செய்யும்போது நான் அவருக்கு டீச்சர். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஸ்டேஜ் ஸ்டேஜாகக் கூட்டி எழுதியிருந்தார்: வேதாரண்யத்திலிருந்து மாமல்லபுரம் 285 கிலோமீட்டர்.

"ஏங்க, இது பஸ் போற தூரம். சூரியன் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குள்ள போய் சுத்திட்டு வராதுங்க."

"கிலோமீட்டர்னா கிலோமீட்டர்தானே!"

நிலப்படத்தில் அளவுகோல் வைத்தால் நேர்த்தூரம் 250தான் வருகிறது என்றேன். அவர் தாளை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டார். எரடோஸ்தனிஸுக்குத் தூரம் அளந்து கொடுத்தவர்களும் காலடியை எண்ணிக்கொண்டு நடந்தவர்கள்தான் என்று சொல்லிச் சமாதானம் செய்தேன்.

பாண்டிச்சேரியில் பதினோரு மணிக்கு வண்டி மாறினோம். மரக்காணத்து உப்பளங்கள் கண்ணைக் கூச வைத்தன. புதுப்பட்டினத்தில் மீன்கூடைகள் ஏறின. கல்பாக்கத்துக்காரர்கள் சைக்கிளில் சாப்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒன்றே முக்காலுக்கு மாமல்லபுரம். பேருந்து நிலையத்தருகே அறை எடுத்தோம், நாளொன்றுக்கு நூற்றைம்பது ரூபாய்.

மாலையில் கலங்கரை விளக்கப் பாறையில் ஏறிக் கடல் விளிம்பைப் பார்த்தோம். எரடோஸ்தனிஸுக்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகள் கழித்து வந்தவர் அல்பிருனி. அவருக்கு இரண்டு ஊர்கூடத் தேவைப்படவில்லை. ஒரு மலையின் உயரத்தை அளந்தார், உச்சியில் நின்று அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று பார்த்தார், பூமியின் அளவைச் சொல்லிவிட்டார். இதைச் சொன்னதும் வீட்டுக்காரருக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. "பஸ் செலவு இல்லாத ஆளு" என்றார்.

ஏப்ரல் 24, வியாழன். கணக்குப்படி இங்கே உச்சி பன்னிரண்டு ஏழுக்கு. பத்தரைக்கே ஐந்து ரத வீதிப் பக்கம் ஒரு சிற்பப் பட்டறையின் வெளியே இடம் பிடித்துக் கம்பியை நட்டோம். உள்ளே பிள்ளையாருக்குத் தும்பிக்கை செதுக்கிக்கொண்டிருந்த சிற்பி ஏழுமலை எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, கம்பிய நட்டுகினு நிக்கிறீங்க? தெக்கால சாஞ்சிகினு கீது பாருங்க."

சொன்னவர் கையோடு தூக்குக்குண்டைக் கொண்டுவந்து நூலைத் தொங்கவிட்டு, கம்பியின் அடியில் இரண்டு கல்சில்லு செருகிச் செங்குத்தாக்கினார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

"நிழலு பூடறதுதானே? வருஷா வருஷம் நடக்குது. உச்சியில நிழலு இல்லேன்னா கல்லுல ஆழம் தெரியாதும்மா. உளிய வெச்சிட்டு சோறு துன்னப் போயிருவோம்."

நான் பதினெட்டு வருடமாகப் பாடம் நடத்துகிறேன், இவர் அந்த நேரத்தில் சாப்பிடப் போகிறார்! இன்று மட்டும் போகாமல் எங்களோடு நின்றார்.

பதினொன்றே முக்காலுக்கு நிழல் ஒரு சாண். பன்னிரண்டுக்கு மூன்று விரற்கடை. பன்னிரண்டு மூன்றுக்குக் கடல் பக்கமிருந்து ஒரு மேகம் வந்தது. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம். பன்னிரண்டு பதினொன்று வரை அது நகரவில்லை. வெயில் திரும்பியபோது கம்பியின் கிழக்கே இரண்டு விரற்கடைக்கு நிழல் முளைத்திருந்தது.

"இன்னா அண்ணாத்த, இப்படிப் பேஜாராப் பூட்ச்சே!" என்றார் ஏழுமலை. உள்ளே போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்.

வீட்டுக்காரர் மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "பாத்தேன்னே சொல்லிடு. யாரு வந்து பாக்கப் போறா? அந்தக் கிரேக்கர் மட்டும் கிணத்த நேர்ல போய்ப் பாத்தாரா?"

"பாக்கலன்னுதான் சொல்றாங்க. ஆனா பாத்தேன்னு அவர் சொல்லலையே."

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பள்ளிக்கூடத்தைக் கூப்பிட்டேன். தலைமையாசிரியர் அறையில் காத்திருந்த செல்விதான் எடுத்தாள். பின்னால் ஒரே கூச்சல்.

"எட்டு சென்டிமீட்டர் டீச்சர்! எட்டேதான்!"

இங்கே நிழல் இல்லை என்றே வைத்துக்கொண்டு பூத்துக் கண்ணாடியில் விரலால் கணக்குப் போட்டேன். 250 கிலோமீட்டரை வைத்தால் பூமியின் சுற்றளவு முப்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். உண்மை நாற்பதாயிரம். இரண்டு திரைக்கம்பிக்கு இது போதாதா? வீட்டுக்காரரின் 285ஐப் போட்டால் பூமி நாற்பத்து நாலாயிரத்துக்கு மேல் ஊதிப்போகிறது. அதை அவரிடம் சொல்லவில்லை.

"அங்க நிழல் மறைஞ்சுதா டீச்சர்?" என்று கேட்டாள் செல்வி.

"மேகம் மூடிடுச்சும்மா. பாக்க முடியல." பூத்துக் கதவை இழுத்துச் சாத்தினேன். "செல்வி, முன்னாடி பாத்தேன்னு சொன்னேன்ல, அதுவும் பொய்ம்மா. நான் பாத்ததே இல்ல."

மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"தெரியும் டீச்சர்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"தை மாசம் கல்யாணம் முடிஞ்சு, அந்த வாரமே போனோம்னு சொன்னீங்க. தை மாசம் சூரியன் தெக்கால இருக்கும்ல? இந்தக் கம்பிய அப்ப அங்க நட்டா, உச்சியில ஒண்ணேகால் மீட்டர் நிழல் வடக்க விழும். கார்த்திகையிலயே கணக்குப் போட்டுட்டோம்."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"கணக்கு சரியான்னு உங்ககிட்டதான் டீச்சர் காட்டணும்! எப்படிக் காட்டுறது?"

ரிசீவரை வைத்துவிட்டு அழுதேன். வெட்கமும் இருந்தது, அதைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. வீட்டுக்காரர் எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார்.

ஏழுமலையிடம் சொல்லிக்கொண்டு இரண்டரை மணி வண்டியைப் பிடித்தோம். மாமல்லபுரத்தை இரண்டாவது முறையும் நான் சரியாகச் சுற்றிப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை காலை செல்வி நோட்டை மேசையில் வைத்துவிட்டு எட்டி நின்றாள். படம் சுத்தமாக இருந்தது. கோணம் சரி, பெருக்கல் சரி, வடக்கு குறித்திருந்தார்கள். கடைசி வரி: "ஆகவே, டீச்சர் பார்த்திருக்க முடியாது." அதன் கீழே சிவப்பு மையில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.