திங்கட்கிழமை மூச்சு

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மெத்தைக் கடையில் பல வருடம் வேலை பார்த்தேன். முன்னால் கடை, பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை. பழைய மெத்தையைப் பிரித்து, கட்டிபட்ட பஞ்சை மெஷினில் போட்டு உதிர்த்து, மறுபடியும் உறையில் அடைத்துத் தைப்போம். புதுப் பஞ்சைவிடப் பழைய பஞ்சில்தான் தூசி அதிகம். ஹாஸ்டல்களிலிருந்து வரும் மெத்தையைக் கிழித்தால் புகை மாதிரி எழும்பும். ஃபேன் போட முடியாது, பஞ்சு பறந்துவிடும். சாயங்காலம் கண்ணாடியில் பார்த்தால் புருவமெல்லாம் நரைத்திருக்கும்.

கொட்டகையில் என்னோடு ஒரு அக்கா மட்டும்தான். பக்கத்துக் கிராமம், என்னைவிட மூத்தவர். நான் அதிகம் பேச மாட்டேன். அவர் இருவருக்கும் சேர்த்துப் பேசிவிடுவார்.

"கிறிஸ்டியன்னா எல்லாம் டீச்சரா கீறாங்க. நீ ஒருத்திதான் பஞ்சுல குந்திகினு கீற," என்பார்.

நான் வாயைத் திறக்கிற ஒரே இடம் சர்ச் பாடகர் குழு. சின்ன வயதிலிருந்தே அதில் இருந்தேன். நாலு பேருக்கு நடுவே நின்று, யாரும் என்னைத் தனியாகப் பார்க்காமல் பாடலாம். வரியின் கடைசி எழுத்தை இழுத்து நிறுத்துவதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதை யாரிடமும் சொன்னதில்லை.

வேலைக்குச் சேர்ந்து சில வருடம் கழித்து, திங்கட்கிழமைகளில் நெஞ்சு இறுக ஆரம்பித்தது. மதியத்துக்குள் கயிறு கட்டி இழுப்பதுபோல் ஆகிவிடும். செவ்வாய் குறையும், புதன் தெரியாது. சனிக்கிழமை பாட்டுப் பயிற்சியில் ஒன்றும் இருக்காது, ஞாயிறும் அப்படியே. திங்கட்கிழமை மறுபடியும் வந்துவிடும்.

அக்காவுக்கும் அதேதான். "இன்னா, மாமியா வந்து குந்திகினாளா?" என்று நெஞ்சைத் தட்டிக் கேட்பார். காரணத்தைக் கண்டுபிடித்ததும் அவர்தான்.

"ஞாயித்துக்கெயம வூட்ல சும்மா கீறோம் இல்ல, நெஞ்சு சொகுசு கண்டுக்குது. அதான் மறுநாளு பேஜார் பண்ணுது. அன்னிக்கும் ரெண்டு மணி நேரம் வந்து பஞ்சு அடிச்சிட்டுப் போனா பழக்கம் வுட்டுப் போவாது."

எனக்கு அது சரியாகவே பட்டது. மிளகாய் நெடி பழகினால் தும்மல் வருவதில்லை. செருப்பில்லாமல் நடந்தால் பாதம் தடித்துப்போகிறது. நெஞ்சும் அப்படித்தானே என்று நினைத்தேன். முதலாளியிடம் சாவி கேட்டோம்.

"ஞாயித்துக்கிழமையுமா? உடம்பப் பாத்துக்குங்க," என்றார்.

"உடம்புக்குத்தாங்க வர்றதே," என்றார் அக்கா. மூன்று பேரும் சிரித்தோம்.

சர்ச் முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு கடைக்குப் போவேன். சில வாரங்களிலேயே திங்கட்கிழமை இறுக்கம் குறைந்து, பிறகு இல்லாமலே போனது. வைத்தியம் பலித்துவிட்டது என்று இருவரும் சந்தோஷப்பட்டோம்.

இரண்டு வருடம் போல அப்படி ஓடியிருக்கும். பிறகு கிழமை பார்க்காமல் இளைப்பு வந்தது. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதியில் நிற்பேன். யாராவது பார்த்தால் போனை எடுத்துப் பார்ப்பதுபோல் நிற்பேன். பாட்டில் அப்படி ஒளிக்க முடியவில்லை. வரி முடிவதற்குள் மூச்சு முடிந்துவிடும்.

"சிஸ்டர், அந்தக் கடைசி நோட் காணாமப் போயிடுது. கொஞ்சம் ஹோல்டு பண்ணுங்க," என்றார் குழுவை நடத்தும் சார். மறுவாரமும் சொன்னார். அதற்கடுத்த வாரம் சொல்லவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் பக்கத்தில் நெஞ்சு ஆஸ்பத்திரி வாசலில் ஒருவரைப் பார்த்தாலே டி.பி. என்று முடிவு கட்டிவிடுவார்கள். அதனால் மாஸ்க் போட்டுக்கொண்டு போனேன். பஞ்சுக்கு ஒருநாளும் மாஸ்க் போட்டதில்லை.

சளியில் டி.பி. இல்லை என்றார்கள். ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். "ஊதும்மா, இன்னும் இன்னும், விட்டுடாத," என்று நர்ஸ் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல என்னிடம் மூச்சு தீர்ந்துபோயிற்று. டாக்டர் சின்ன வயதுப் பெண். என்ன வேலை என்று கேட்டார். பிறகு, "எந்தக் கிழமை அதிகமா இருக்கும்?" என்றார்.

"முன்னாடி திங்கக்கிழமை மட்டும் இருந்தது டாக்டர். அத சரி பண்ணிட்டோம்."

"எப்படி சரி பண்ணீங்க?"

சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"ஒருநாள் தூசி இல்லாம இருந்துட்டு மறுபடி தூசிக்குப் போனதாலதான் திங்கக்கிழமை இறுகியிருக்கு. அது உங்களுக்கு வார்னிங் மாதிரி. இருந்த அந்த ஒருநாள் ரெஸ்ட்டையும் நீங்களே எடுத்துட்டீங்களேம்மா. நெஞ்சுக்கு இதெல்லாம் பழகாது."

"பாட முடியுமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

"அந்த வேலைய விடுங்க. இன்ஹேலர் தர்றேன். இருக்கறதக் காப்பாத்திக்கலாம். போனது முழுசா திரும்பாது."

மறுநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்து நான் அவரிடம் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான். கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் இல்லியே," என்றார். ஒரு மெத்தையைத் தூக்கப்போனவர், மெஷின்மேல் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் பார்ப்பதை அவரும் கவனித்துவிட்டார்.

"நாந்தான உன்ன ஞாயித்துக்கெயம இஸ்துகினு வந்தேன்," என்றார்.

"நல்லதுக்குத்தானக்கா சொன்னீங்க. நீங்களும் ஒரு தடவ ஊதிப் பாத்துடுங்க. நான் கூட வர்றேன்."

"பாக்கலாம். நீ போ. நானும் நின்னுட்டா வூட்ல அடுப்பு எரியாது."

இன்னும் அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. அந்தக் கொட்டகையில்தான் இருக்கிறார். போன் செய்தால், பேச்சுக்கு நடுவே அவர் இருமி முடிக்கும்வரை காத்திருக்கிறேன்.

நான் இப்போது ஒரு கம்பெனி கேன்டீனில் தட்டு கழுவுகிறேன். இன்ஹேலரில் இளைப்பு கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பாட்டுக்கு அது போதவில்லை. ஒரு சனிக்கிழமை பயிற்சி முடிந்தபின், இனிமேல் சபையோடு உட்கார்ந்துகொள்கிறேன் என்று சாரிடம் சொன்னேன். "உங்க இடம் அப்படியே இருக்கும் சிஸ்டர்," என்றார். மறுநாளே அங்கே ஒரு காலேஜ் பெண் நின்றாள். அவளுக்கு நல்ல குரல்.

நான் பின் வரிசையில் உட்காருகிறேன். ஒரு வரி பாடிவிட்டு, அடுத்த வரிக்கு வாயை மூடி மூச்சு வாங்கிக்கொண்டு, அதற்கடுத்த வரியில் சேர்ந்துகொள்கிறேன். எனக்குப் பாட்டு தெரியாது என்று நினைத்து, பக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் பாட்டுப் புத்தகத்தை என் பக்கம் நகர்த்துகிறார்கள். நானும் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறேன்.